காமா பயில்வான்: பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மல்லன்

பாடசாலை மல்யுத்தப் போட்டிகளில் முதல் வேலை பிள்ளைகளை எடைப்பிரிவு பார்த்துப் பிரிப்பது. தராசு இருந்தால் அது சுலபம். அடுத்த வேலைதான் சிக்கலானது. ஒரே எடைப்பிரிவில் பதினாறு பேர் நிற்கிறார்கள் என்றால் முதற் சுற்றில் யாரை யாரோடு மோத விடுவது? சீட்டுக் குலுக்கினால் ஆகத் திறமையான இருவர் காலையிலேயே மோதிக்கொள்ளலாம். அவர்களில் ஒருவர் பதக்கமில்லாமல் பஸ் ஏறுவார். அவரைவிடப் பலம் குறைந்த ஒருவர் மறுபக்கத்தால் இறுதிப் போட்டிவரை போய்விடுவார்.

இதைத் தவிர்க்கத்தான் அமெரிக்க உயர்நிலைப் பாடசாலை மல்யுத்தத்தில் சில இடங்களில் மாணவ வீரர்களுக்கு ரேட்டிங் புள்ளி கணக்கிடுகிறார்கள். பருவம் முழுவதும் அவர் யாரோடு மோதினார், வென்றாரா தோற்றாரா, எப்படி வென்றார் என்பவை எல்லாம் கணக்கில் ஏறும். புள்ளி கூடியவர்களை அட்டவணையின் எதிரெதிர் மூலைகளில் வைப்பார்கள்.

தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்களுக்கு உடம்பு ஒருமுறை சிலிர்க்கும். எழுபதுகளின் பல்கலைக்கழக அனுமதி அந்தச் சொல்லுக்கு அப்படியொரு சுமையை ஏற்றிவிட்டது. அதனால் இந்தக் கட்டுரையில் ரேட்டிங் என்றே எழுதுகிறேன். ஆனாலும் அடியில் கிடக்கும் கேள்வி ஒன்றுதான். ஒருவரின் திறமைக்கு எண் போடுகிறோம் என்றால், அந்த எண் எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை? இதற்கு மல்யுத்த உலகில் காமாவின் வாழ்க்கையைவிடத் தெளிவான பதில் கிடையாது.

தாராசிங்கையும் கிங்கொங்கையும் நம் பெரியவர்களுக்குத் தெரியும். காமா அவர்களுக்கு ஒரு தலைமுறை மூத்தவர். இயற்பெயர் குலாம் முகமது பக்‌ஷ். 1878 மே 22இல் பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதியில் ஜப்போவால் என்ற ஊரில், காஷ்மீரப் பூர்வீகம் கொண்ட மல்லர் குடும்பத்தில் பிறந்தார். ஆறு வயதில் தகப்பன் அசீஸ் பக்‌ஷ் இறந்துபோனார். தாய்வழிப் பாட்டனும் பிறகு மாமனும் பிள்ளையை வளர்த்துக் கோதாவில் இறக்கினார்கள்.

பத்து வயதில், 1888இல், ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி வைத்தார். மல்யுத்தமல்ல, உட்கார்ந்து எழும்பும் உடற்பயிற்சிப் போட்டி. நம்மூர்த் தோப்புக்கரணத்தைக் கைகளைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் செய்வது போன்றது. நானூறுக்கு மேற்பட்ட மல்லர்கள் கலந்துகொண்டார்கள். கடைசிவரை தாக்குப்பிடித்த பதினைந்து பேரில் இந்தச் சிறுவனும் ஒருவன். வயதைக் கருதி மகாராஜா அவனையே வெற்றியாளனாக அறிவித்தார். அன்றைய இந்தியாவில் மல்லனுக்குப் புள்ளி போட்டது மன்னரின் கண்தான். அரண்மனை ஆதரவு கிடைத்தால் பாலும் நெய்யும் பாதாமும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் எவ்வளவு திறமை இருந்தாலும் வயல் வேலைக்குத்தான் போகவேண்டும். காமாவுக்குக் கிடைத்தது. தத்தியா சமஸ்தானம் அவரைப் பொறுப்பேற்றுப் பயிற்றுவித்தது.

பதினேழு வயதில், 1895இல், ரஹீம் பக்‌ஷ் சுல்தானிவாலாவுக்குச் சவால் விட்டார். குஜ்ரன்வாலாவைச் சேர்ந்த ரஹீம் அன்றைய இந்தியாவின் தலைசிறந்த மல்லர், வயதில் மூத்தவர், ஏறத்தாழ ஏழடி உயரம். காமா ஐந்தடி ஏழு அங்குலம். சண்டை மணிக்கணக்கில் நீண்டு சமநிலையில் முடிந்தது. காமாவுக்கு இரத்தம் வழிந்தது, ஆனால் விழவில்லை.

வென்றதும் இல்லை, தோற்றதும் இல்லை. அப்படியானால் இந்தச் சமநிலைக்கு என்ன மதிப்பு? ரேட்டிங் எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுவது நல்லது.

இன்று விளையாட்டுகளில் பயன்படும் பெரும்பாலான ரேட்டிங் முறைகளின் தாய், ஆர்பட் எலோ என்பவர் சதுரங்கத்துக்காக அமைத்த கணக்கு. ஹங்கேரியில் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த எலோ, மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்தவர். நல்ல சதுரங்க வீரரும்கூட. அவரது கணக்கின் உயிர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வென்றாயா என்று மட்டும் அது கேட்காது. உன்னிடம் எதிர்பார்க்கப்பட்டது எவ்வளவு, நீ செய்தது எவ்வளவு என்று கேட்கும்.

1500 புள்ளி உள்ள மாணவர் 1700 புள்ளிக்காரரோடு மோதுகிறார் என்று வையுங்கள். 200 புள்ளி இடைவெளி என்றால் பலம் குறைந்தவரிடம் எதிர்பார்க்கப்படுவது ஏறத்தாழ 24 வீதம். ஒரு போட்டியில் ஆகக்கூடியது 32 புள்ளி கைமாறும் என்று விதி இருந்தால், அவர் வென்றால் 24 புள்ளி ஏறும். தோற்றால் 8 புள்ளிதான் இறங்கும். சமநிலை என்றால்கூட 8 புள்ளி ஏறும், ஏனென்றால் எதிர்பார்த்ததைவிட அவர் கூடச் செய்திருக்கிறார். அவர் பெறுவது எதிராளியிடமிருந்து கழியும். பத்துச் சோப்ளாங்கிகளை வீழ்த்தியவரைவிட இரண்டு பலசாலிகளோடு சமன் செய்தவர் மேலே போகலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, வெறும் வெற்றி எண்ணிக்கையைவிட இது நியாயமானது என்பது என் எண்ணம்.

அந்தக் கணக்கில், ரஹீமோடு சமன் செய்த பதினேழு வயதுப் பையனின் புள்ளி அன்றே மேலே பாய்ந்திருக்கும். கணக்குத் தெரியாத பஞ்சாப் மக்களும் அதே முடிவுக்குத்தான் வந்தார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் காமா இந்தியாவின் பெயர்பெற்ற மல்லர்களை ஒவ்வொருவராக வீழ்த்தினார். ரஹீம் மட்டும் மிஞ்சியிருந்தார். பரோடா அரும்பொருட்காட்சியகத்தில் ஒரு பெரிய கல் இருக்கிறது. 1902இல் காமா தூக்கிய 1200 கிலோ கல் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். 1200 கிலோவை ஒரு மனிதன் தூக்கினான் என்பதை நான் நம்பவில்லை. காமாவுக்கு அந்தக் கல்லின் சாட்சி தேவையுமில்லை.

1910இல் அவர் லண்டன் போனார். கூடவே தம்பி இமாம் பக்‌ஷும் வேறு மல்லர்களும் போனார்கள். வங்காளச் செல்வந்தர் சரத்குமார் மித்ரா செலவைப் பார்த்துக்கொண்டார். பெஞ்சமின் என்ற ஆங்கிலேயர் போட்டி ஏற்பாட்டாளர். உலகச் சம்பியன் பட்டத்துக்காக அங்கே ஐரோப்பிய மல்லர்கள் கூடியிருந்தார்கள். காமாவைச் சேர்க்கவில்லை. காரணம், உயரம் போதாது.

மல்யுத்தத்தில் எடைப்பிரிவுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. உயரப்பிரிவு எங்கே இருக்கிறது? கோதாவில் இறங்குவதற்கு முன்பே, யாரோ ஒருவர் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டுவிட்டார். பிரித்தானியரின் குடிமகனாக இருந்த ஒரு பழுப்பு நிற மனிதனுக்கு அந்த ஆண்டில் அந்த மதிப்பெண் எப்படி விழுந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

காமா திரும்பிப் போகவில்லை. எந்த எடையில் இருந்தாலும் சரி, எவரேனும் மூன்று பேரை முப்பது நிமிடத்துக்குள் வீழ்த்துகிறேன் என்று பெஞ்சமின் மூலம் பகிரங்கச் சவால் விட்டார். வெறும் விளம்பரம் என்று நினைத்து எவரும் முதலில் பொருட்படுத்தவில்லை. கடைசியில் அமெரிக்க மல்லர் பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். அவர் தொழிலால் மருத்துவர், காமாவைவிட உயரமும் எடையும் கூடியவர். ஓகஸ்ட் மாதம் அல்ஹம்ப்ரா அரங்கில் மோதினார்கள். முதல்முறை 1 நிமிடம் 40 செக்கனில் ரோலரின் தோள்கள் தரையைத் தொட்டன. இரண்டாம் முறை 9 நிமிடம் 10 செக்கன். அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது.

செப்டெம்பர் 10ஆம் திகதி. ஜோன் புல் பத்திரிகை வழங்கிய உலகப் பட்ட இடைவாருக்கும் 250 பவுண் பரிசுக்குமான போட்டி. எதிராளி போலந்து நாட்டு ஸ்டானிஸ்லஸ் ஸ்பிஷ்கோ, மலைபோன்ற உடம்புக்காரர், உலகின் முதல் வரிசை மல்லர்களில் ஒருவர். தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் காமா அவரைக் கீழே கொண்டுபோனார். பிறகு ஸ்பிஷ்கோ எழும்பவேயில்லை. கைகளையும் முழங்கால்களையும் பாயில் ஊன்றி, வயிற்றைத் தரையோடு ஒட்டவைத்து, ஆமைபோல அப்படியே கிடந்தார். காமா மேலிருந்து எவ்வளவு புரட்டப் பார்த்தும் தோள்கள் தரைக்குத் திரும்பவில்லை. இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் இப்படியே போனது. வெளிச்சம் மங்க, சமநிலை என்று அறிவித்தார்கள்.

ரேட்டிங் கணக்கின் முதல் ஓட்டை இங்கே தெரியும். எலோ கணக்குக்கு இந்தப் போட்டி வெறும் அரைப் புள்ளி. ஒருவர் மேலே இருந்தார், மற்றவர் ஒளிந்து கிடந்தார் என்பது அதற்குத் தெரியாது. சதுரங்கத்துக்குப் பொருந்திய கணக்கை மல்யுத்தத்துக்கு அப்படியே தூக்கிப் போட முடியாமல் போனதும் இதனால்தான். அமெரிக்கப் பாடசாலை மல்யுத்தத்தில் வெற்றிக்குள்ளேயே படிகள் இருக்கின்றன. இரு பாடசாலை அணிகள் மோதும்போது, எதிராளியின் இரு தோள்களையும் தரையில் பதித்து வென்றால் அணிக்கு 6 புள்ளி. 15 புள்ளி வித்தியாசம் வந்து போட்டி இடையில் நிறுத்தப்பட்டால் 5. எட்டுப் புள்ளி அல்லது அதற்கு மேல் வித்தியாசம் என்றால் 4. அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் வென்றால் 3. இந்தப் படிகளைச் சேர்த்துக்கொள்ளும் ரேட்டிங் முறைகளும் இருக்கின்றன. கூடவே, ஒளிந்து கிடப்பவருக்கு நடுவர் முதலில் எச்சரிக்கை தருவார், பிறகு எதிராளிக்குப் புள்ளி கொடுப்பார். இன்றைய விதிப்படி என்றால் ஸ்பிஷ்கோ முதற் பத்து நிமிடத்திலேயே தோற்றிருப்பார்.

ஒரு வாரம் கழித்து, செப்டெம்பர் 17இல், மறுபோட்டி. காமா வந்தார், ஸ்பிஷ்கோ வரவில்லை. பட்டமும் இடைவாரும் காமாவுக்கு வந்தன.

இனி அமெரிக்கப் பக்கம். அன்று உலகின் முதல் மல்லர் என்று அமெரிக்கர்கள் கொண்டாடியது அயோவா மாநிலத்து பிராங்க் கோச் என்பவரை. காமா அவருக்கும் சவால் விட்டார். கோச் மோதவில்லை, 1917இல் இறந்தும்போனார். ஆகவே காமாவா கோச்சா என்ற கேள்வி மல்யுத்த ரசிகர்கள் நடுவில் இன்றைக்கும் ஓயவில்லை.

பாடசாலைப் போட்டிகளில் இப்படி ஒருவரையொருவர் சந்திக்காத இரு மாணவர்களை ஒழுங்குபடுத்த ஒரு பழைய வழி உண்டு. இருவருக்கும் பொதுவான எதிராளியைத் தேடுவார்கள். காமாவுக்கும் கோச்சுக்கும் அப்படி இருவர் இருக்கிறார்கள். ரோலரை கோச்சும் வென்றிருக்கிறார், காமாவும் வென்றிருக்கிறார். ஸ்பிஷ்கோவை கோச் 1910 ஜூனில் சிக்காகோவில் இரண்டு முறை நேராக வீழ்த்தினார், முதல் வீழ்ச்சி சில செக்கன்களில் முடிந்தது. மூன்று மாதம் கழித்துக் காமாவால் அதே ஸ்பிஷ்கோவைப் புரட்ட முடியவில்லை. காகிதத்தில் பார்த்தால் கோச் மேலே. ஆனால் சிக்காகோவில் அடிபட்டுப் படித்த பாடத்தினால்தானே ஸ்பிஷ்கோ லண்டனில் தரையைவிட்டு எழும்ப மறுத்தார்? போதாததற்கு, அந்தக் காலத்து மேற்கத்தேய மல்யுத்தத்தில் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்ட சண்டைகளும் ஏராளம். பொய்யான முடிவைக் கொடுத்தால் எந்தக் கணக்கும் பொய்யான எண்ணைத்தான் தரும். இரண்டே இரண்டு மெல்லிய இழைகளால் தொடுத்த இரண்டு உலகங்கள். ஒரு உலகத்தின் எண்ணை மற்றதில் வைத்துப் பார்க்க அது போதாது.

இதுதான் ரேட்டிங்கின் ஆகப் பெரிய பலவீனம், கணக்குத் தெரிந்தவர்களும் ஒப்புக்கொள்வது. புள்ளி என்பது ஒரு கூட்டத்துக்குள் மட்டும் உண்மை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சிறையில் இருந்த கிளாட் பிளட்குட் என்ற கைதி, சக கைதிகளோடு திரும்பத் திரும்பச் சதுரங்கம் ஆடி, 1996இல் 2702 புள்ளிக்கு ஏறினார். நாட்டின் பட்டியலில் இரண்டாவது இடம். மதிலுக்கு வெளியே ஆடியிருந்தால் அந்த எண் நின்றிருக்காது. மறுபக்கமும் உண்டு. பலசாலிகள் நிறைந்த மூடிய கூட்டத்தில் இருப்பவருக்குப் புள்ளி தேங்கிக் கிடக்கும், ஏனென்றால் அவர்கள் தங்களுக்குள்ளேயே புள்ளியை மாற்றிக்கொண்டிருப்பார்கள், வெளியிலிருந்து ஒன்றும் வராது. பென்சில்வேனியா போன்ற மல்யுத்த வலிமை மிக்க மாநிலத்தில் ஆறாமிடத்தில் நிற்கும் மாணவன், வேறொரு மாநிலத்தில் முதலிடத்துக்கு வரக்கூடும். இரண்டு மாநிலத்துப் பிள்ளைகளும் எங்காவது சந்தித்தால்தான் அது தெரியவரும்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பிள்ளையை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். லயத்துக்குப் பக்கத்துத் திட்டியில் ஓடிப் பழகிய பிள்ளை பதுளைக்கு வந்து வலய மட்டத்தில் வெல்கிறது. மாகாண மட்டத்துக்குப் போக பஸ் காசு வேண்டும், பொறுப்பாசிரியர் வேண்டும், ஒருநாள் வேலையை விட்டுவிட்டுக் கூடப் போகப் பெற்றோரில் ஒருவர் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பிள்ளை கொழும்புப் பிள்ளையைச் சந்திப்பதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் எத்தனையோ பாடசாலைகளுக்கு நடந்தது இன்னும் மோசம். பாதை பூட்டியிருந்தது, மைதானத்தில் முகாம் இருந்தது, பிள்ளைகள் இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். தேசியப் போட்டிப் பதிவுகளில் அந்த ஆண்டுகளுக்கு நேரே அவர்களின் பெயர் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பூச்சியம் என்று வாசிப்பவர், லண்டனில் காமாவின் உயரத்தை அளந்தவரின் வேலையைத்தான் செய்கிறார்.

நாடு திரும்பியதும் காமா அலகாபாத்தில் மீண்டும் ரஹீமைச் சந்தித்தார். நீண்ட சண்டையின் முடிவில் இம்முறை காமா வென்றார். ருஸ்தம்-இ-ஹிந்த், இந்தியாவின் மாவீரன் என்ற பட்டம் அவருடையதானது. பிறகு நடந்தது விசித்திரம். மோத ஆட்கள் இல்லாமல் போனது. பட்டியாலா மகாராஜாவின் ஆதரவில் பயிற்சி மட்டும் தொடர்ந்தது. 1922இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசர் அவருக்கு வெள்ளிக் கதாயுதம் பரிசளித்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே லண்டன்தான் அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியது.

சண்டையில்லாமல் இருக்கும் வீரரின் புள்ளியை என்ன செய்வது? எலோவின் பழைய கணக்கில் அது அப்படியே உறைந்து நிற்கும். பிற்காலத்தில், 1995இல், மார்க் கிளிக்மன் என்ற அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் இதற்கு ஒரு திருத்தம் செய்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் அதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் இன்னொரு எண்ணை வைத்தார். நீண்டநாள் மோதாதவரின் புள்ளி அப்படியே இருக்கும், ஆனால் அதன்மீதான ஐயம் நாளுக்கு நாள் அகலும். திரும்பி வந்து ஒரு போட்டியில் இறங்கினால் அந்த ஒரு முடிவே எண்ணைப் பலமாக அசைக்கும். காயப்பட்டு ஒரு பருவம் ஓய்ந்திருந்த மாணவருக்கும், புதிதாகச் சேர்ந்த மாணவருக்கும் இது எவ்வளவோ நியாயமானது.

1928 ஜனவரியில் பட்டியாலாவில் அப்படியொரு போட்டி வந்தது. எதிராளி அதே ஸ்பிஷ்கோ. இடைக்காலத்தில் அமெரிக்காவில் இருமுறை உலகப் பட்டம் பெற்றிருந்தார். இருவருக்கும் வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. பெருந்திரளான மக்கள் கூடியிருந்தார்கள். அன்று பாய் இல்லை, இந்திய முறைப்படி மண் கோதா. லண்டனில் இரண்டரை மணித்தியாலம் முடியாத வேலையைக் காமா ஒரு நிமிடத்துக்குள் முடித்தார். அடுத்த ஆண்டு ஜெஸ்ஸி பீட்டர்சன் வந்தார், அவரும் ஒன்றரை நிமிடத்தில் விழுந்தார். அதற்குமேல் அவரோடு மோதுவதற்குப் பெரிய பெயர் எதுவும் வரவில்லை.

1947இல் காமா லாகூரில் குடியிருந்தார். பிரிவினைக் கலவரம் மூண்டபோது வயது எழுபதை எட்டிக்கொண்டிருந்தது. அவர் இருந்த மோகினி வீதியில் இந்துக் குடும்பங்களும் இருந்தன. அவர்களைத் தேடிக் கும்பல் வந்தபோது தன் சீடர்களோடு முன்னால் போய் நின்றார். கும்பல் கலைந்தது. நிலைமை கைமீறிப்போன பிறகு, ஒரு வாரச் சாப்பாட்டுச் சாமான்களைத் தன் செலவில் வாங்கிக் கொடுத்து அந்தக் குடும்பங்களை எல்லைவரை கொண்டுபோய் விட்டார் என்பது அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பலரும் குறிப்பிடும் செய்தி. 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கும், அன்று யாரோ ஒரு அயலவரின் பின்கட்டில் ஒளிந்திருந்தவர்களுக்கும் அந்த வாசலில் ஒருவர் நிற்பதன் பெறுமதி தெரியும்.

பிரிவினையோடு சமஸ்தானங்கள் போயின, மல்லர்களை வளர்த்த அரண்மனைகளும் போயின. பட்டியாலா எல்லைக்கு அப்பால் போய்விட்டது. கடைசி ஆண்டுகளில் காமாவை இருதய நோயும் ஆஸ்துமாவும் பணமுடையும் வாட்டின. ஆதரவாளர்கள் அனுப்பிய பணத்தில் மருந்து வாங்கும் நிலை. அவரது தம்பி மகன் போலு பாகிஸ்தானின் பேர்பெற்ற மல்லராக வளர்ந்துவிட்டிருந்தார், பயிற்சியில் பெரியப்பாவின் பங்கும் இருந்தது.

1960 மே 23இல், எண்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு மறுநாள், காமா லாகூரில் காலமானார். அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் எலோவின் கணக்கைத் தன் வீரர்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். உலகச் சதுரங்கச் சம்மேளனம் அதை ஏற்க இன்னும் பத்து ஆண்டு எடுத்தது. அங்கிருந்து அது உதைபந்தாட்டத்துக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் அமெரிக்கப் பாடசாலைகளின் மல்யுத்தப் பாய்க்கும் வந்து சேர்ந்தது.